குழலின் பின் அரையடிதான் துப்பாக்கி

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது ‘ரைபிள்’. தாத்தா கொள்ளிடத்துப் படுகையில் கரும்பும் வாழையும் போட்ட காலத்தில் பன்றி விரட்டுவதற்காக உரிமம் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி. வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய வகை. உரிமப் புத்தகத்தில் ‘எஸ்பிஎம்எல்’ (ஒற்றைக் குழல், வாய்வழி) என்று மட்டும் எழுதியிருக்கிறது. சுடும் பொறியைத் தாங்கும் லாக்குத் தகட்டில் ஒரு கிரீடம், ‘டவர்’ என்ற எழுத்து, 1862 என்ற ஆண்டு. குழலின் இடப்பக்கம், பின்கோடியில், குழல் தாங்குமா என்று பார்க்கும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் குறுக்குச் செங்கோல் முத்திரைகள். அவற்றுக்குப் பக்கத்தில் 25 என்ற எண்.

இந்த 25ஐப் பார்த்துத்தான் முதலில் குஷியானேன். ஒரு பவுண்டு ஈயத்தில் சமமாக 25 குண்டு வார்த்தால் ஒரு குண்டு எவ்வளவு பருமன் இருக்குமோ, அந்தத் துளை. ஏறத்தாழ பதினான்கரை மில்லிமீட்டர். 12 போர், 16 போர் என்று சொல்வதெல்லாம் இதே கணக்குதான். எண் கூடக் கூடத் துளை சிறுத்துக்கொண்டே போகும். 25 என்றால் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் 0.577 அங்குலத் துளை. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா பற்றிய வதந்தியில் பற்றிக்கொண்டதே, அதே துப்பாக்கி. வீட்டார் ரைபிள் என்று சொல்லி வந்தது சரிதான் என்று நினைத்தேன்.

வெர்னியர் கேலிப்பரைக் குழலின் வாயில் வைத்துப் பார்த்தால் 15.6 மி.மீ. காட்டியது. உள்ளே டார்ச் அடித்தால், குண்டைச் சுழல வைக்கும் காடியான புரி ஒன்றுகூட இல்லை (அது இருந்தால்தான் ரைபிள்), வழுவழுவென்று இருக்கிறது. பட்டாளத்தில் கழித்துவிட்ட என்ஃபீல்டுகளின் புரியைக் கடைந்தெடுத்து, ஈய ரவை போட்டுச் சுடும் வெறும் குழலாக்கி விற்பது அந்தக் காலத்தில் சகஜம். எங்களுடையதும் அப்படி வந்ததுதான். குழலின் நீளத்தையும் குறைத்திருக்கிறார்கள். முழு நீள என்ஃபீல்டுக்கு 39 அங்குலக் குழல், மூன்று பட்டை வளையம். இதில் வளையம் இரண்டுதான் மிச்சம்.

புரி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. கணக்குதான் உறுத்தியது. 0.577 அங்குலம், அதாவது 14.66 மி.மீ. இருந்த இடத்தில் 15.6 என்றால் குழலின் சுவரில் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் போய்விட்டது. முத்திரை குத்தியது கடைவதற்கு முன்னால். ஆக, அந்த முத்திரை உத்தரவாதம் தரும் குழல் இப்போது என் கையில் இல்லை. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்த ஒப்பீடு. முத்திரை எண் ஒன்று, அளந்தால் வருவது வேறொன்று என்றால், முத்திரையை மறந்துவிட்டு எல்லாச் சோதனையையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

காகித வேலையைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது. தாத்தா இறந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். உரிமம் இல்லாதவர் கையில் ஆயுதம் வந்து சேர்ந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அது அங்கேயே வருடக்கணக்கில் கிடந்தது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் தர வழி இருக்கிறது. வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், சிட்டா, அடங்கல், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, காவல்துறை விசாரணை முடிந்து, உரிமம் என் பெயருக்கு வந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி கேட்பவரைத் தனியாகவே குறிப்பிடுகிறது. நிலம் இருக்கிறது, பயிர் இருக்கிறது என்று காட்டும் காகிதம் சரியாக இருந்தால் வேலை நகரும். மெதுவாக நகரும்.

“நூற்றைம்பது வருஷப் பழசுக்கு எதற்கு உரிமம், அது புராதனப் பொருள்தானே?” என்று கேட்காத உறவினர் இல்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசுகிற பேச்சு இது. 45ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்கு மட்டும். சுவரில் மாட்டி வைத்த செத்த துப்பாக்கிக்கு அது பொருந்தலாம். அதைச் சுடும் நிலைக்குக் கொண்டுவரப் போகிறேன் என்று நீங்கள் எண்ணினாலே விலக்கு போய்விட்டது. பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் உண்டு. ஆகவே துடைப்பது, எண்ணெய் போடுவது தவிர மற்ற எதுவும் பட்டறையில் நடக்க வேண்டும். லேத் வைத்திருக்கும் மச்சான் வீட்டில் அல்ல. நான் திருச்சியில் உரிமம் பெற்ற ஒரு பழுதுகாரரிடம் கொண்டுபோனேன். வயதானவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே.

உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி துருவைப் பற்றியதல்ல.

“தம்பி, இது காலியா இருக்கான்னு பாத்தீங்களா?”

“ஸ்டேஷன்ல இத்தனை வருஷம் இருந்தது பாய்.”

“ஸ்டேஷன்ல இருந்தா காலின்னு அர்த்தமா?”

கெட்டிக்கிற கம்பியை வாய் வழியாக உள்ளே விட்டார். அது போய் நின்ற இடத்தில், வாயின் விளிம்பை ஒட்டிக் கம்பியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கம்பியை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்புக்கு நேராக இருக்கும்படி குழலின் மேல் படுக்க வைத்தார். காலியான குழல் என்றால் கம்பியின் நுனி, தட்டினால் பொறி தரும் கேப்பு எனும் சின்னத் தொப்பியை மாட்டும் நிப்பிள் இருக்கும் இடம்வரை போக வேண்டும். எங்களுடையதில் நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. பாய் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை ஆள் இல்லாத சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பழைய வாய்வழித் துப்பாக்கி யார் வீட்டில் கிடைத்தாலும் இந்தக் கம்பிச் சோதனைக்கு முன்னால் எதையும் தொடாதீர்கள். கேப்பை அடிக்கும் குதிரையை இழுத்துப் பார்ப்பது, கண்ணை வாயில் வைத்து உள்ளே பார்ப்பது, துருவை இளக்கச் சூடு காட்டுவது, எல்லாம் இதற்குப் பிறகுதான். காலித் தோட்டா விழுந்ததா என்று பார்க்கும் வசதி இந்த வகையில் கிடையாது. கெட்டித்ததும் கெட்டிக்காததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றே போல இருக்கும். கரிமருந்து, அதாவது பழைய கறுப்பு வெடிமருந்து, ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை தாண்டியும் வீரியத்தோடு இருக்கும்.

முதலில் வந்தது குளவிக் கூடு. காய்ந்த மண் பொலபொலவென்று கொட்டியதும் நான் சிரித்துவிட்டேன். பாய் சிரிக்கவில்லை. மறுபடி கம்பி விட்டார், இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி இருந்தது. குழலின் பின்பாதியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு, வாய் வழியாகவும் தண்ணீர் ஊற்றி, அப்படியே விட்டுவிட்டார். நிப்பிள் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் கசியத் தொடங்கிய பிறகே, நுனியில் திருகு வைத்த கம்பியால் உள்ளே இருந்ததைக் கொக்கி போட்டு இழுத்தார். தேங்காய் நார்த் தக்கை, கொஞ்சம் ஈய ரவை, இன்னொரு தக்கை, அதன் பின்னால் சேறாகிப்போன மருந்து. எல்லாவற்றையும் வாளித் தண்ணீரிலேயே போட்டார். நனைந்த மருந்து காய்ந்தால் மறுபடி பற்றக்கூடும். அதனால் தரையில் கொட்டி வைக்கக்கூடாது என்றார். தாத்தா கடைசியாகக் கெட்டித்த மருந்து அது. எந்தப் பன்றிக்கு வைத்ததோ.

அதற்குப் பிறகுதான் குழல். இங்கே பாய் சொன்ன ஒரு விஷயம் எனக்கு எல்லாவற்றுக்கும் அளவுகோலாகிவிட்டது: வாய்வழித் துப்பாக்கியில் பின் அரையடிதான் துப்பாக்கி, மீதியெல்லாம் குண்டுக்கு வழி காட்டும் குழாய். மருந்து எரிந்து அழுத்தம் உச்சத்துக்குப் போவது அங்கே. துரு அதிகமாகத் தின்பதும் அங்கேதான். கரிமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய கேப்புகளின் உப்பும் அதோடு சேரும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு ஜாடியே கசியும்போது குழலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் துப்பாக்கியைப் பார்த்தவர்கள் எல்லோரும் வெளிப்புறத் துருவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பாய் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

அவர் பார்த்தவை இவை. குழலைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே ஓடும் நிழல்கோட்டைப் பார்த்தார். கோடு நேராக ஓடினால் நல்லது. எங்காவது மோதிரம்போல வளைந்து உடைந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. குண்டையோ ரவைத் தக்கையையோ மருந்தின் மேல் அழுந்த உட்கார வைக்காமல், நடுவில் காற்று இடைவெளி விட்டுச் சுட்டிருந்தால் இந்த வளைய வீக்கம் வரும். வெளியே விரலை ஓட்டினாலும் தட்டுப்படும். எங்களுடையதில் வாய்க்கு ஒரு சாண் உள்ளே லேசான ஒன்று இருந்தது. அந்த இடத்தில் அழுத்தம் குறைவு, விடலாம் என்றார். பின் அரையடிக்குள் அது இருந்திருந்தால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பாராம்.

அடுத்து, நுனி வளைந்த மெல்லிய எஃகுக் கம்பியால் உள்சுவரைத் தடவித் துருக்குழிகளைத் தேடினார். நிறைய இருந்தன. குழி இருக்கிறதா இல்லையா என்பதைவிட அதன் ஆழம்தான் கேள்வி. பித்தளைச் சுருள் பிரஷ்ஷும் எண்ணெயும் போட்டு மேல்துருவை எடுத்த பிறகு, வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் பல இடங்களில் அளந்து, சுவர்ப் பருமன் சுற்றிலும் சமமா என்று பார்த்தார். கடைந்தவர் கை கோணினால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்துவிடும். என்ஃபீல்டின் பின்பகுதி ஆரம்பத்திலேயே நல்ல தடிமன் உள்ளது. அரை மில்லிமீட்டர் போனாலும் அங்கே தாங்கும் சதை மிச்சம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கடைசியாக மண்ணெண்ணெய்ச் சோதனை. நிப்பிளின் இடத்தில் அடைப்பு வைத்து, குழலை வாய் மேலாக நிறுத்தி, மண்ணெண்ணெய் நிரப்பி, பின்மூடி சேரும் இடத்தில் சுண்ணாம்புப் பொடி பூசி, இரவு முழுக்க விட்டார். மரையிலோ இரும்பிலோ மயிரிழை விரிசல் இருந்தால் சுண்ணாம்பில் ஈரக்கோடு தெரியும். தெரியவில்லை. அதனால் பின்மூடியைக் கழற்றவே இல்லை. நானாக இருந்தால் ஆசைப்பட்டுக் கழற்றச் சொல்லியிருப்பேன். நூறு வருஷத்துக்கு மேல் இறுகிக் கிடக்கும் மரையைச் சூடு காட்டி, வைஸில் பிடித்து முறுக்கினால், நன்றாக இருந்த மரையும் கெடும் என்பது அவர் கட்சி.

பாய் தஞ்சாவூர்க்காரர்களிடம் எப்போதும் சொல்கிற ஒன்றை என்னிடமும் சொன்னார்: பீரங்கி மேட்டுக்குப் போய்ப் பின்பக்கத்தைப் பாருங்கள். கீழவாசலில் இருக்கும் அந்த ராஜகோபால பீரங்கியும் வாய்வழியாகக் கெட்டிப்பதுதான், நாயக்கர் காலத்தது. வார்த்ததல்ல. நீள இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின்மேல் வளையம் வளையமாகப் பழுக்கக் காய்ச்சி அடித்து இணைத்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், ஏறி உட்கார்ந்துகூட இருக்கிறேன். பட்டைகளும் வளையங்களும் சேருமிடத்தை இந்தத் துப்பாக்கி வந்த பிறகுதான் நின்று பார்த்தேன்.

லாக்கு விஷயம் எளிது, ஆனால் கெடுக்கவும் எளிது. லாக்குத் தகட்டை இரண்டு நீளத் திருகாணிகள் எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்திருக்கும். அவற்றை முழுக்கக் கழற்றிவிட்டுத் தகட்டை நெம்பினால் கட்டையின் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். பாதி தளர்த்தி, திருகாணித் தலையில் ஸ்க்ரூ டிரைவரின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் தகடு தானாக எழும்பும். ஸ்க்ரூ டிரைவரின் நுனியும் அந்தக் காடிக்கு ஏற்றபடி தேய்த்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் சரிவான நுனி காடியைக் கடித்து அசிங்கமாக்கிவிடும். உள்ளே இருக்கும் பெரிய பட்டை வில்லை இடுக்கியால் கழற்றவே கூடாது. குதிரையை முழுக்க ஏற்றி, வில்லைக் கவ்வியில் பிடித்து, பிறகு குதிரையை இறக்கினால் வில் தளர்ந்து கையோடு வரும். தெறித்தால் கண் போகும், வில்லும் முறியும்.

எங்கள் லாக்கில் ஒரு நிஜக் கோளாறு இருந்தது. குதிரையைப் பாதி ஏற்றி வைத்தால் அந்த நிலையில் விசையை அழுத்தினாலும் அது விழக்கூடாது. இந்த வகைத் துப்பாக்கிக்கு உள்ள ஒரே பாதுகாப்பு அதுதான். எங்களுடையதில் பாதிக் காடியின் உதடு தேய்ந்து, கொஞ்சம் பலமாக அழுத்தினால் நழுவியது. பாய் அந்த உறுப்பில் உலோகம் ஏற்றி, அரம் போட்டு, மறுபடி பதம் கொடுத்தார். செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது, ஒரு ரூபாய்கூட வீண் என்று சொல்ல மாட்டேன். நிப்பிளையும் மாற்றினோம். பழையதன் துளை எரிந்து அகலமாகியிருந்தது. அப்படி இருந்தால் சுடும்போது புகை பின்னால் அடித்துக் குதிரையையே தூக்கிவிடும். புது நிப்பிள் போடும்போது எந்தக் கேப்பு உங்களுக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போட வேண்டும். பட்டாளத் துப்பாக்கிக்கு விளிம்பு வைத்த பெரிய கேப்பு, வேட்டைத் துப்பாக்கிக்குச் சின்னது. ஒன்றின் நிப்பிளில் மற்றதை வைத்தால் கழன்று விழும், இல்லையென்றால் முதல் அடியில் வெடிக்காது.

கட்டையில் கைப்பிடி மெலியும் இடத்தில் ஒரு விரிசல். வீணை செய்யும் தெரிந்த ஆசாரி ஒருவர் வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டலாம் என்றார். பழைய முறை, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் வச்சிரம் ஈரத்தில் இளகும்; கொள்ளிடத்துப் பனியில் கொண்டு நிற்கப் போகிற துப்பாக்கிக்கு அது ஆகாது. எண்ணெய் ஊறிய மரத்தை முதலில் தின்னர் வைத்து இழுத்துவிட்டு, விரிசலுக்குள் அரால்டைட் விட்டு, கயிறு கட்டி இறுக்கினோம். மேலே வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாகத் தேய்த்தால் போதும். நெருப்புப் படாத ஒரு பித்தளைத் துண்டு, கட்டையின் முன்முனை மூடி, காணாமல் போயிருந்தது. பாயிடம் கேட்டுக்கொண்டு, களிமண்ணில் அச்சு எடுத்து நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். துப்பாக்கிக்கு என்றதும் கொஞ்சம் யோசித்தார்கள், உரிமப் புத்தகத்தைக் காட்டியதும் வார்த்துக் கொடுத்தார்கள். பழைய பித்தளையைவிட மஞ்சள் தூக்கல், பரவாயில்லை.

வெளித்துரு விஷயத்தில் வீட்டில் பெரிய விவாதம். அத்தைக்குப் பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துப் பழக்கம், குழலையும் அப்படியே பளபளவென்று ஆக்கலாம் என்றார். பித்தளைக்குச் சரி. இரும்பில் புளி போட்டால் அதன் புளிப்பு துருக்குழிக்குள் உட்கார்ந்து உள்ளேயே தின்னும். எமரித்தாள், கிரைண்டர், வயர் வீல் எல்லாம் அதைவிட மோசம். முத்திரைகள் அழிந்துவிடும், இருக்கிற சுவரும் மெலியும். மிக மெல்லிய எஃகுக் கம்பளியை எண்ணெயில் தோய்த்து, சிவந்த துருவை மட்டும் எடுத்தேன். அடியில் இருக்கும் கரும்பழுப்பு நிறம் அப்படியே இருக்கிறது. பார்க்கிறவர்கள் இன்னும் துடைக்கவில்லையா என்கிறார்கள்.

சுட்டுப் பார்க்கும் சோதனையைப் பாயே தன் அனுமதியுள்ள இடத்தில் நடத்தினார். துப்பாக்கியைப் பழைய லாரி டயரில் கட்டி, விசையில் நீளக் கயிறு கட்டி, மணல் மூட்டைக்குப் பின்னால் நின்று இழுத்தார். முதலில் வெறும் கேப்பு மட்டும். அது நிப்பிள் வழியை உலர்த்தி எண்ணெயை வெளியேற்றும். பிறகு குறைந்த மருந்து, அப்புறம் வழக்கமாகப் போடப் போவதைவிடக் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுப் பின் அரையடியின் வெளிவிட்டத்தைக் கேலிப்பரால் அளந்து நோட்டில் எழுதினார். வெடிக்காமல் தாங்கிவிட்டது என்பது போதாது. அளவு துளியும் கூடாமல் இருக்க வேண்டும். கூடினால் இரும்பு விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், அன்றோடு அது சுவரில் மாட்டும் பொருள். முடிந்ததும் மறுபடி மண்ணெண்ணெய்ச் சோதனை. எங்கள் அளவு மாறவில்லை.

எவ்வளவு மருந்து என்று இங்கே எழுத மாட்டேன். அது குழலுக்குக் குழல் மாறும், சோதித்தவர் சொல்ல வேண்டியது. ஆனால் என்ன மருந்து என்பதில் மாற்றமே இல்லை: கரிமருந்து மட்டும், அதுவும் உரிமத்தின் பேரில் கடையில் வாங்கியது. 12 போர் தோட்டாவைப் பிரித்து அதிலிருக்கும் புகையில்லா மருந்தை வாய்வழித் துப்பாக்கியில் போடுகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். பார்க்கக் கொஞ்சமாக இருக்கிறது, சுத்தமாக எரிகிறது என்று நினைப்பு. அது எழுப்பும் அழுத்தம் வேறு கணக்கு. இடக்கை விரல்கள் போவது இப்படித்தான். வீட்டில் வெடியுப்பு வாங்கி இடித்து மருந்து செய்வதும் சட்டப்படி குற்றம், அதைவிட முதலில் ஆபத்து. கேப்பு வெடித்து மருந்து பிடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை முன்நோக்கியே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். தாமதமாகப் பிடிப்பதும் உண்டு. சுட்ட கையோடு அடுத்த மருந்தைக் குடுவையிலிருந்து நேராக ஊற்றக்கூடாது. உள்ளே கங்கு இருந்தால் குடுவையே வெடிக்கும். அளவுக் குப்பியில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும்.

இனி வயல். பயிர்க் காவல் உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் தனியாக நிற்கிறது. மயிலைத் தொட்டால் ஜெயில், பன்றியையும் நம் இஷ்டத்துக்குச் சுட முடியாது. எனக்கு இந்தத் துப்பாக்கியின் வேலை சத்தம் மட்டும்தான். ரவை போடாமல் மருந்தும் தக்கையும் வைத்து, மேலே வானத்துக்கு அல்ல, வெற்று மணல் திட்டை நோக்கி ஒரு வெடி. நாணல் காட்டிலிருந்து கிளம்பும் கூட்டம் அந்த இரவுக்குத் திரும்பி வராது. மறுநாள் வரும், அது வேறு விஷயம்.

வெறும் தக்கைதானே என்று அலட்சியம் வேண்டாம். பத்தடிக்குள் ஆள் நின்றால் தக்கையே காயப்படுத்தும். தாத்தா காலத்துத் தேங்காய் நாரை நான் விட்டுவிட்டேன். நார் கனன்றுகொண்டே போய் விழும், அறுவடை முடிந்து வைக்கோல் கிடக்கும் நேரத்தில் ஒரு பொறி போதும். கனத்த அட்டையில் வெட்டிய தக்கையை லேசாக நனைத்துப் போடுகிறேன், மருந்தை ஒட்டி ஒரு உலர்ந்த அட்டை இருக்கும். வைக்கோல் போர் இருக்கும் பக்கம் காற்று அடித்தால் அன்றைக்குத் தகரத்தைத் தட்டுவதோடு சரி. காதடைப்பான் கட்டாயம். பக்கத்து வயல்காரர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கிறேன். அர்த்த ராத்திரியில் வெடிச்சத்தம் கேட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று தெரியாதா?

சுட்ட அன்று இரவே கழுவ வேண்டும், தூக்கம் வந்தாலும். நிப்பிளைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து வாய் வழியாக ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் மேலும் கீழும் இழுத்து, கடைசியில் வெறும் கொதிநீர். குழல் சூடானால் மிச்ச ஈரம் தானே காய்ந்துவிடும். பிறகு மெல்லிய எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்காகி ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பாருங்கள், செம்பழுப்பாக வரும். குழிகளுக்குள் இருந்தது வெளியே வருகிறது. துணி வெள்ளையாக வரும்வரை எண்ணெய் மாற்றிப் போட வேண்டும். வைக்கும்போது வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்; மேல்நோக்கி வைத்தால் எண்ணெய் இறங்கிப் பின்மூடியிலும் கட்டையிலும் தேங்கும், மரம் பஞ்சாகும். தோலுறையில் வைக்கவே கூடாது. கெட்டிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடைத்து, ஒரு வெறும் கேப்பு வைத்து, வாய்க்கு முன்னால் ஒரு புல் நுனியைப் பிடித்துப் பார்க்கிறேன். புல் அசைந்தால் வழி சுத்தம்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், முடிவு வந்த பிறகுதான் திரும்பும். அந்த இடைவெளிதான் இப்போது என் கவலை. கொடுப்பதற்கு முன் குழல் முழுக்கக் கெட்டியான கிரீஸ் பூசி, வாயை எண்ணெய்த் துணியால் அடைத்து, நிப்பிளுக்கு ஒரு தோல் துண்டு வைத்துக் குதிரையை அதன்மேல் இறக்கி, ‘காலி, சோதித்தது’ என்று தேதியோடு ஒரு அட்டை எழுதிக் கட்டிவிடுகிறேன். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு, கெட்டிக்கும் கம்பியும் சேர்த்து ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி வாங்க வேண்டும். துப்பாக்கி வந்து கம்பி வராமல் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.